படிக்கொரு பாடல்

சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூரிலிருந்து தெற்கு நோக்கிச் சென்றால், பொன்னையாற்றுப் படுகையை ஒட்டிப் பாறைக் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நிற்பதைக் காணலாம். ஆந்திரமும் தமிழகமும் தோள் உரசி நிற்கும் பகுதி இது. வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுவோர் இங்கு உண்டு. வீட்டில் தமிழும் கடைவீதியில் தெலுங்கும் பேசுவோரும் உண்டு. ஆடிக் கிருத்திகை நெருங்கினால் இரு மொழியினரும் ஒன்றுபோலவே மஞ்சள் ஆடை உடுத்து, ஒன்றுபோலவே காவடி சுமந்து திருத்தணிக்குப் புறப்படுவர். எல்லைக் கோடு முருகனடியார்களைப் பிரித்ததில்லை.

அக்குன்றுகளுள் ஒன்று வள்ளிமலை. வள்ளிப் பிராட்டி தினைப்புனம் காத்ததும், வேலவன் கிழவேடம் பூண்டு வந்து அவளை ஆட்கொண்டதும் இங்கேதான் என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஒரு காலத்தில் சமண முனிவர்களும் இம்மலைக் குகைகளில் தங்கித் தவம் செய்தனர். அவர்கள் விட்டுச் சென்ற புடைப்புச் சிற்பங்கள் இன்றும் பாறை முகத்தில் உள்ளன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இதே மலைமீது ஒரு துறவி வந்து குடியேறினார். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்றும் திருப்புகழ் சுவாமிகள் என்றும் அன்பர்கள் அவரை அழைத்தனர். ஆங்கிலப் புத்தாண்டு பிறக்கும் இரவில் இன்று லட்சக்கணக்கானோர் திருத்தணி மலைப்படிகளில் ஏறுகிறார்களே, அந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் அவரே.

அவர் பிற்காலத்தில் என்ன செய்தார் என்பது பலருக்கும் தெரியும். அதற்கு முன் அவர் எங்கே நின்றிருந்தார் என்பதை அறிந்தால்தான் அந்தச் செயலின் பொருள் முழுமையாக விளங்கும்.

மடைப்பள்ளியில் ஒரு நோயாளி

காவிரியும் பவானியும் கூடும் பவானி கூடுதுறையில், 1870ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், சிதம்பர ஐயருக்கும் லட்சுமி அம்மாளுக்கும் மகனாக அவர் பிறந்தார். திருச்செங்கோட்டில் மாதொரு பாகனாக எழுந்தருளியுள்ள இறைவனின் திருநாமமே குழந்தைக்கு இடப்பட்டது. அர்த்தநாரி என்ற அந்தச் சிறுவனுக்கு ஏட்டுக் கல்வி வாய்க்கவில்லை. அக்காலத்து அந்தணர் குடும்பத்தில் வேதமும் படிக்காமல், ஆங்கிலப் பள்ளிக்கும் செல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு எஞ்சியிருந்த தொழில் சமையல் ஒன்றுதான். அர்த்தநாரி அதில் தேர்ந்து, மைசூர் அரண்மனையில் சமையற்காரராக அமர்ந்தார். திருமணம் நிகழ்ந்தது; குடும்பம் அமைந்தது; இழப்புகளும் துயரங்களும் நேர்ந்தன. அவற்றை விரித்துச் சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்நாளில் பல குடும்பங்களில் நிகழ்ந்தவைதாம் அவருக்கும் நிகழ்ந்தன.

அவரைத் தடுத்து நிறுத்தியது வயிற்றுநோய். மன்னரின் பந்திக்கு அறுசுவையும் ஆக்கிப் படைத்தவரால் ஒரு கவளம் சோற்றை நிம்மதியாக உண்ண இயலவில்லை. மருந்துகள் பயன் தரவில்லை. வலி முற்றிய நிலையில், 1908ஆம் ஆண்டு, பழநி சென்று தண்டாயுதபாணியைச் சரணடைவது என்று அவர் முடிவு செய்தார். அரண்மனை வேலை என்பது அக்காலத்தில் எளிதில் கிடைப்பதன்று. கிடைத்ததை உதறுவது அதனினும் அரிது. உடல்நலம் வேண்டும் என்ற ஒன்றுதான் அப்போது அவர் கேட்டது. ஞானமோ முக்தியோ அவர் கோரிக்கையில் இருந்ததாகத் தெரியவில்லை. இதை மறைக்க வேண்டிய தேவையும் இல்லை. துன்பத்தில் அகப்பட்டு வருபவனையும் இறைவன் தன் பக்தர்களுள் ஒருவனாகவே எண்ணுகிறான் என்று கீதை நால்வகை அடியாரைப் பகுத்துச் சொல்லும் இடத்தில், முதலில் நிற்பவன் அந்த ஆர்த்தன்தான்.

பழநியில் அவர் மலையை வலம் வந்தார். ஆண்டவனுக்கு அபிஷேகம் செய்த தீர்த்தத்தையே மருந்தாக நாள்தோறும் அருந்தி வந்தார். நோய் தணிந்தது. நோய் தீர்ந்ததும் வேண்டுதலைச் செலுத்திவிட்டு ஊர் திரும்புவதே உலக வழக்கம். அவரும் அப்படித்தான் திரும்பியிருப்பார். ஆனால் ஒருநாள் சந்நிதியில் ஒரு தேவதாசி திருப்புகழ் ஒன்றைப் பாடி ஆடினாள்.

அதற்கு முன் அவர் திருப்புகழைப் பொருட்படுத்திக் கேட்டவரல்லர். பாடலின் பொருள் அவருக்கு எந்த அளவு புரிந்திருக்கும் என்பதும் ஐயமே. ஆயினும் அந்தச் சந்தமும், பாட்டின் இறுதியில் பழநி ஆண்டவனை விளிக்கும் பகுதியும் அவரைக் கட்டி நிறுத்தின. வலியை நீக்கியவனுக்குத் தன்னால் திருப்பித் தரக்கூடியது என்ன என்ற கேள்விக்கு அங்கே அவருக்கு விடை கிடைத்தது. வாழ்நாளில் எஞ்சியதெல்லாம் திருப்புகழுக்கே என்று அவர் உறுதி பூண்டார். உறுதி பூண்டவருக்கு வயது முப்பத்தெட்டு. எழுத்துக்கூட்டிப் படிக்கவும் அவர் அறியார்.

அகரத்திலிருந்து

அவர் கையில் கிடைத்த நூலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அருணகிரிநாதர் பதினாறாயிரம் பாடல்கள் பாடினார் என்பது மரபு. காலப்போக்கில் அவற்றுள் பெரும்பகுதி மறைந்தது. சில நூறு பாடல்கள் அங்கங்கே ஏடுகளிலும் ஓதுவார் நாவிலும் தங்கியிருந்தன. நீதித்துறையில் பணியாற்றிய வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை, சிதம்பரம் தீட்சிதர்களின் பெருமைக்குச் சான்றாக ஒரு வழக்கில் எடுத்துக் காட்டப்பட்ட திருப்புகழ்ப் பாடலைக் கேட்டு வியந்தார். அன்று தொடங்கி ஊர் ஊராகச் சுவடி தேடி, பல ஆண்டுகள் உழைத்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் முதற்பகுதியையும் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இரண்டாம் பகுதியையும் அச்சிட்டார். இன்று சுமார் ஆயிரத்து முந்நூறு பாடல்கள் எஞ்சியிருப்பதற்கு அவரும், பின்னர் அப்பணியைத் தொடர்ந்து உரையெழுதிய அவருடைய மைந்தர் தணிகைமணி வ. சு. செங்கல்வராய பிள்ளையும் முதன்மையான காரணம். நீதிமன்றத்தில் காதில் விழுந்த ஒரு பாட்டு தந்தையையும் மைந்தரையும் வாழ்நாள் முழுவதும் ஆட்கொண்டது. சந்நிதியில் காதில் விழுந்த இன்னொரு பாட்டு ஒரு சமையற்காரரை ஆட்கொண்டது.

சிறுவர்கள் ஆத்திசூடியில் எழுத்துப் பழகுவர். அர்த்தநாரி எழுத்துப் பழகியது திருப்புகழில். திருப்புகழ்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். வடசொல்லும் தென்சொல்லும் பிணைந்து, ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் ஓடும் அடிகள். மூச்சு நிற்கும் இடம் தவறினால் சந்தம் சரிந்துவிடும். வல்லினமும் மெல்லினமும் மாறி மாறி நாவைச் சோதிக்கும். கற்றோரும் தயங்கும் நூல் அது. அவர் யார் யாரிடமோ கேட்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி, சொல்லை அறிந்து, அடியை மனத்தில் இருத்தி, ஒரு பாடல் வசமான பிறகே அடுத்ததற்குச் சென்றார். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்கள் முன்னே மலைபோல் நின்றன. அவர் மலையைப் பார்க்கவில்லை. கையில் இருந்த பாட்டைப் பார்த்தார். பிற்காலத்தில் தணிகைப் படிகளில் அவர் அமைத்த வழிபாட்டின் முறை முழுவதும் இந்தப் பழநி நாட்களிலேயே உருவாகிவிட்டது என்று கொள்ளலாம்.

பழநியிலிருந்து அவரது பயணம் திருவண்ணாமலைக்குத் திரும்பியது. ரமண மகரிஷி அக்காலத்தில் விரூபாக்ஷ குகையில் இருந்தார். கோவணம் ஒன்றே உடையாக அமர்ந்திருந்த ரமணரின் தோற்றத்தில் அர்த்தநாரி தமது பழநி ஆண்டவனையே கண்டார். அங்கேயே தங்கித் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒருநாள் ரமணர் அவரை மலையிலிருந்து கீழே போகுமாறு பணித்தார். காரணம் கூறவில்லை. மனம் கலங்கி இறங்கி வந்தவரை அடிவாரத்தில் எதிர்கொண்டவர் சேஷாத்ரி சுவாமிகள். பித்தரைப் போலத் திரிந்த அந்த மகானும் 1870ஆம் ஆண்டில் பிறந்தவரே. ஆதிசங்கரரின் சிவமானச பூஜையில் வரும் ஒரு கருத்தை அவர் எடுத்துரைக்க, அதே கருத்தமைந்த திருப்புகழை அர்த்தநாரி பாடிக் காட்டினார் என்றும், அதைக் கேட்டு மகிழ்ந்த சேஷாத்ரி சுவாமிகள் திருப்புகழே மகாமந்திரம், வேறு மந்திரம் தேட வேண்டாம் என்று உபதேசித்து வள்ளிமலைக்குச் செல்லுமாறு ஆணையிட்டார் என்றும் அடியவர் மரபு கூறுகிறது.

ரமணர் அவரை அருகிலேயே வைத்துக்கொண்டிருக்கலாம். சேஷாத்ரி சுவாமிகளும் அவ்வாறே செய்திருக்கலாம். இருவருமே அவரை அனுப்பி வைத்தனர். குருவின் அருகிருப்பது ஒரு பேறு. குரு காட்டிய திசையில் தனியே நடப்பது வேறொரு பேறு. பின்னதற்கே துணிவு அதிகம் வேண்டும்.

குன்றின்மேல்

துறவு மேற்கொண்டு சச்சிதானந்தர் என்ற திருநாமம் பெற்ற சுவாமிகள் வள்ளிமலைக் குகையொன்றைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். வடநாட்டுத் தலங்களுக்கும் சென்று வந்தார். எனினும் அவர் மனம் வேரூன்றியது இந்த மலையில்தான். வள்ளிப் பிராட்டியைப் பொங்கி என்ற பெயரால் அவர் வழிபட்டார். திருப்புகழ் பாடுவதும், வருவோருக்குக் கற்பிப்பதும், பசித்து வந்தோருக்கு அன்னமிடுவதுமே அவரது ஆசிரமத்தின் நடைமுறை. அரண்மனையில் கற்ற சமையற்கலை இவ்வகையில் ஏழைகளுக்குப் பயன்பட்டது.

திருப்புகழ் அதுவரை பெரும்பாலும் ஓதுவார்கள், இசைவாணர்கள், நடனமாதர் ஆகியோரின் நாவில் மட்டும் இருந்தது. சென்னையிலும் பிற ஊர்களிலும் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் கூடி அமர்ந்து பாடும் பஜனைப் பாட்டாக அது பரவியதில் சுவாமிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. பாடலின் அருமை குறையாமல், பாடுவோரின் தயக்கத்தை மட்டும் அவர் போக்கினார். எழுத்தறியாத நிலையிலிருந்து தொடங்கிய ஒருவர் கற்பிக்கும்போது, எனக்கு இது வராது என்று சொல்ல யாருக்கும் வாய் எழவில்லை.

அவ்வாறு பாட வந்த அன்பர்களிடமிருந்துதான் சுவாமிகளுக்கு ஜனவரி முதல் நாளைப் பற்றிய செய்தி எட்டியது.

துரைகளின் புத்தாண்டு

துரை என்பது தமிழிலும் தெலுங்கிலும் தலைவனைக் குறிக்கும் சொல். தெலுங்கில் தொர என்பர். ஆங்கிலேயர் ஆட்சியில் அச்சொல் வெள்ளை அதிகாரிக்கு உரியதாகிவிட்டது. கலெக்டர் துரை, ரயில்வே துரை, கம்பெனி துரை என்று ஒவ்வோர் அலுவலகத்துக்கும் ஒரு துரை இருந்தார். ஜனவரி முதல் நாள் காலையில், அவர்களின் கீழ்ப் பணிபுரிந்தோர் குளித்து, தலைப்பாகை கட்டி, எலுமிச்சம்பழமும் பழத்தட்டும் மாலையும் ஏந்தி, துரையின் பங்களா வாசலில் சென்று காத்திருப்பர். துரை வெளியே வந்து பழத்தைப் பெற்றுக்கொண்டு தலையசைத்தால் அந்த ஆண்டு நல்லபடியாகத் தொடங்கியது என்று பொருள். முகம் கொடுக்காமல் போய்விட்டாலோ வீட்டில் அன்று முழுவதும் கவலை. பதவி உயர்வு, மகனுக்கு வேலை, இடமாற்றம் என எத்தனையோ அந்த ஒரு தலையசைப்பைச் சார்ந்திருந்தன.

அந்த மனிதர்களை எளிதில் குறைகூறிவிட முடியாது. அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. ஆனால் ஆண்டின் முதற்பொழுதை அச்சத்தோடும் கெஞ்சலோடும் தொடங்கும் மனம் எஞ்சிய நாட்களையும் அவ்வாறே கழிக்கப் பழகிவிடும். சுவாமிகள் கண்டது இதைத்தான்.

1917ஆம் ஆண்டு நாட்டில் பெரும் எதிர்பார்ப்புகள் நிலவிய ஆண்டு. ஐரோப்பாவில் போர் நடந்துகொண்டிருந்தது. சுயாட்சி கேட்ட அன்னி பெசன்ட் அம்மையாரைச் சென்னை அரசு ஜூன் மாதம் காவலில் வைத்து, செப்டம்பரில் விடுவித்தது. படிப்படியாகப் பொறுப்பாட்சி வழங்கப்படும் என்று ஆகஸ்டில் அறிவித்த இந்திய அமைச்சர் எட்வின் மாண்டேகு, டிசம்பரில் சென்னைக்கும் வந்திருந்தார். சங்கங்களும் சபைகளும் விண்ணப்பங்களைச் சுமந்து சென்று அவரைக் கண்டன. எல்லாத் திசைகளிலும் யாரோ ஒரு துரையின் முகத்தை மக்கள் நோக்கியிருந்த மாதம் அது. அந்த மாதத்தின் இறுதி நாளில், வள்ளிமலைச் சுவாமிகள் தம் அன்பர்களை அழைத்துக்கொண்டு திருத்தணிக்குச் சென்றார்.

அவர் எவரையும் கண்டிக்கவில்லை. துரையைப் பார்க்கப் போகக் கூடாது என்று தடுக்கவும் இல்லை. துரைகளுக்கெல்லாம் துரை ஒருவன் தணிகை மலைமேல் இருக்கிறான். அவனை முதலில் கண்டு வணங்கிவிட்டுப் பிறகு மற்றவரைப் பார்க்கலாம் என்பதே அவர் கூறியதன் சாரம். அதனால் விளைந்த மாற்றம் சிறியதன்று. மலையிறங்கிய பின் ஒரு குமாஸ்தா தன் மேலதிகாரியின் வாசலுக்கே சென்றிருந்தாலும், அவன் மனத்தில் யார் முதல்வர் என்பது முந்தைய இரவே முடிவாகியிருக்கும். பெரிய துரையை வணங்கியவன் சிறிய துரையிடம் மரியாதை காட்டலாம். அஞ்சி நடுங்க வேண்டியதில்லை.

திருத்தணியைத் தேர்ந்ததும் பொருத்தமே. சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாக ரேணிகுண்டா செல்லும் ரயில் பாதையில் உள்ள ஊர் அது. விடுமுறைக்கு முந்தைய நாள் புறப்பட்டு வந்துவிடலாம். அன்று அது சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சூரனோடும் வேடரோடும் செய்த போருக்குப் பின் முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை எனப் பெயர் பெற்றது என்பர். தொடக்கங்களின் தலம் என்றும் அதைச் சொல்லலாம். முத்துசுவாமி தீட்சிதருக்கு முதற்கீர்த்தனை பிறந்த இடம் அது என்பது இசை மரபு. சென்னையில் ஓர் அறையில் சுவர்க்கண்ணாடியின் முன் அமர்ந்திருந்த இளம் இராமலிங்க அடிகளுக்குக் காட்சி தந்தவனும் தணிகைப் பெருமானே என்பர்.

மலைக்கோயிலுக்குச் செல்லும் படிகள் 365. ஆண்டின் நாட்களும் 365. இந்த ஒப்புமையைச் சுவாமிகள் வழிபாடாக்கினார். முதற்படியில் தொடங்கி ஒவ்வொரு படியையும் நீர்விட்டுக் கழுவுவர். மஞ்சள் பூசிக் குங்குமம் இடுவர். கற்பூரம் ஏற்றித் தேங்காய் உடைப்பர். அந்தப் படிக்குரிய திருப்புகழைப் பாடுவர். அதன் பின்னரே அடுத்த படி. ஒரு பாடலுக்கு மூன்று நிமிடம் என்று கணக்கிட்டாலும் பதினெட்டு மணி நேரத்துக்குமேல் ஆகிவிடும். ஆகவே குழுக்கள் மாறி மாறிப் பாட வேண்டும். குரல் கம்மும், முழங்கால் வலிக்கும், டிசம்பர் மாதத்துப் பனி தோளில் இறங்கும். நள்ளிரவில் பழைய ஆண்டு கழிந்து புதிய ஆண்டு பிறக்கும்.

சங்கல்பம்

புத்தாண்டில் உறுதி எடுத்துக்கொள்ளும் வழக்கம் இன்று எங்கும் உண்டு. நாளை முதல் விடியற்காலையில் எழுவேன், நாளை முதல் புகைபிடிக்க மாட்டேன், நாளை முதல் கோபிக்க மாட்டேன் என்று நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் எழுதப்படுபவை பொங்கலைக்கூடக் காண்பதில்லை. உறுதி எடுத்தவர்களின் நேர்மையில் குறை இல்லை. ஓர் ஆண்டு முழுவதையும் ஒரே மூச்சில் வென்றுவிட நினைப்பதில்தான் சிக்கல். 365 படிகளையும் ஒரே தாவலில் கடக்க முயல்பவன் கால் இடறாமல் என்ன செய்வான்?

சமயச் சடங்குகளில் சங்கல்பம் என்று ஒன்று உண்டு. பூசையோ நோன்போ தொடங்குபவர், இன்ன ஆண்டு, இன்ன அயனம், இன்ன மாதம், இன்ன திதி என்று காலத்தைச் சொல்லி, நிற்கும் இடத்தைச் சொல்லி, செய்யப்போவது இன்னது என்று சொல்லித் தொடங்குவார். காலம் எல்லையற்றது, அதில் இந்த ஒரு நாளில், இந்த ஓர் இடத்தில், இந்த ஒரு செயல் என்று சுருக்கிக்கொள்வதே அதன் நுட்பம். அதே சமயம், சங்கல்பங்கள் அனைத்தையும் துறந்தவனே யோகத்தில் நிலைபெற்றவன் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. ஓரிடத்தில் விதி, மற்றோரிடத்தில் விலக்கு. இது முரணன்று. எனக்கு இது வேண்டும், இப்படித்தான் வேண்டும் என்று பயனைப் பற்றிக்கொண்டு எழும் எண்ணம் துறக்கத்தக்கது. செய்வதை இறைவனிடம் ஒப்படைத்து, அடுத்த அடியில் மட்டும் கருத்தை வைப்பது கொள்ளத்தக்கது. சாத்திரம் படிக்காத சுவாமிகள் இந்த வேறுபாட்டைச் சொற்களால் விளக்க முயலவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு பாட்டை வைத்தார். வரப்போகும் ஒவ்வொரு நாளும், அது பிறக்கும் முன்பே, கழுவித் துடைத்துப் பொட்டிட்டு இறைவனுக்கு உரியதாக்கப்பட்டுவிடுகிறது. இருநூறாம் படியைப் பற்றிய கவலை பத்தாம் படியில் நிற்பவனுக்குத் தேவையில்லை. பத்தாம் படிக்குரிய பாட்டே அவனுக்குப் போதிய வேலை தரும்.

சித்திரை முதல் நாள் தமிழருக்கு உரியது, யுகாதி தெலுங்கருக்கு உரியது. அந்நியர் கொண்டுவந்த நாளை ஏன் கொண்டாட வேண்டும் என்று கேட்போர் அன்றும் இன்றும் உண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சுவாமிகள் சித்திரையின் இடத்தில் ஜனவரியை வைக்கவில்லை. அலுவலகமும் சம்பளமும் விடுமுறையும் எந்த நாட்காட்டியின்படி நடக்கின்றனவோ அந்த நாட்காட்டிக்குள்தான் தம் அன்பர்கள் வாழ்ந்தாக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த நாள் எப்படியும் வரும். அது துரையின் வாசலில் கழிய வேண்டுமா, முருகனின் வாசலில் கழிய வேண்டுமா என்பதே அவர் முன் நின்ற கேள்வி.

வங்கத்தில் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. 1886ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், காசிப்பூர் தோட்ட வீட்டில், கடும் தொண்டைப் புற்றுநோயுடன் இருந்த ஸ்ரீராமகிருஷ்ணர் பிற்பகலில் மாடியிலிருந்து இறங்கித் தோட்டத்தில் உலவ வந்தார். அங்கே கூடியிருந்தோர் ஏறத்தாழ முப்பது இல்லறத்தார். அலுவலகங்களுக்கு அன்று விடுமுறை. அதனால்தான் அவர்களால் வர முடிந்தது. அந்த விடுமுறை நாளில்தான் அவர் அவர்களை ஆசீர்வதித்துத் தொட்டு ஆன்மிக விழிப்பை அருளினார். அந்நாள் கல்பதரு தினமாக இன்றும் கொண்டாடப்படுகிறது. ஆட்சியாளர் தம் வசதிக்காக அளித்த விடுமுறை, கொல்கத்தாவின் குமாஸ்தாக்களுக்கும் சென்னையின் குமாஸ்தாக்களுக்கும் அருளின் வாயிலாயிற்று.

மலை இறங்கிய பின்

விழா ஆண்டுதோறும் வளர்ந்தது. சுவாமிகளும் அதில் பங்கேற்று வந்தார். அவரது மற்றொரு கொடையும் அன்பர்களிடையே நிலைபெற்றது. அருணகிரிநாதர் பாடிய வேல் வகுப்பின் பதினாறு அடிகளை வெவ்வேறு வரிசையில் மாற்றி மாற்றி அமைத்து, அறுபத்து நான்கு அடிகள் கொண்ட பாராயண முறையாக அவர் வகுத்தார். அதுவே வேல் மாறல். நோயுற்றோர் நலம்பெற வேண்டி அதை ஓதும் வழக்கம் பரவியது. வயிற்றுநோயோடு பழநி சென்ற ஒருவரிடமிருந்து அது வந்தது என்பதை ஓதுவோர் பலரும் அறிவதில்லை.

1950ஆம் ஆண்டு ஏப்ரலில் ரமண மகரிஷி மகாசமாதி அடைந்தார். அதே ஆண்டு நவம்பரில், எண்பது வயது நிறையும் தறுவாயில், சச்சிதானந்த சுவாமிகளும் உடலை விடுத்தார். வள்ளிமலையில் அவர் வாழ்ந்த குகையே அவரது சமாதித் தலமாயிற்று. துரைகள் மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கப்பலேறிவிட்டனர். அவர்களுக்குப் பழத்தட்டு ஏந்திய வழக்கமும் அவர்களோடு போய்விட்டது என்று சொல்ல ஆசைதான். அதன் சாயல் இன்றும் அங்கங்கே தென்படுகிறது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், எல்லைச் சீரமைப்பின்படி, திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து தமிழகத்தோடு இணைந்தது. கங்காதர நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் காவடிகள் அதற்குப் பின்பும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இப்போது டிசம்பர் 31 இரவில் திருத்தணியில் கூட்டம் அலைமோதுகிறது. சாலைகள் நிரம்பி வழிகின்றன. அவசரமாகத் தரிசித்துவிட்டு அவசரமாகத் திரும்புவோரும், கைப்பேசியில் படமெடுப்பதற்காகவே படிகளில் நிற்போரும் அக்கூட்டத்தில் உண்டு. ஆனாலும் அவர்களுக்கிடையே, சிறு சிறு குழுக்களாக, கையில் ஜாலராவும் நூலுமாக அமர்ந்து, எத்தனை பேர் தாண்டிச் சென்றாலும் தாம் பாடும் பாட்டு முடியும்வரை எழாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் முதியோரும் உண்டு, அலுவலகத்திலிருந்து நேரே வந்த இளைஞர்களும் உண்டு.

அன்று காலை, கூட்டம் இன்னும் சேராத பொழுதில், மலையடிவாரத்துச் சரவணப் பொய்கைக் கரையில் பூசை நடைபெறும். பிறகு முதற்படியில் நீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமமிட்டு, கற்பூரம் ஏற்றுவர். ஜாலரா ஒலிக்கும், முதற் பாடல் தொடங்கும்.